பின் சீட்டில் யோர்டிஸ்

யோர்டிஸைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். அவள் வாயைப் பற்றிச் சொன்னால் மட்டும் போகமாட்டேன், ஏனென்றால் அது உண்மை. ரேவோன் தீவில் அந்த வாயில் மாட்டாதவர் யாருமில்லை. நான் இங்கே கடை வைத்திருக்கிறேன், காப்பியும் போடுகிறேன், தபாலும் என் கடைக்குத்தான் வரும். அந்தத் தபாலைக் கரையிலிருந்து கொண்டுவருகிறவள் அவள். கோடையில் படகு, குளிர்காலத்தில் கார். கடல் உறைந்து இறுகியதும் நகராட்சிக்காரர்கள் மேலே கிடக்கிற பனியைத் தள்ளி, அடையாளத்துக்கு ஓரமாகக் கிளைகளை நட்டு, ஐஸ் மேலேயே கார் பாதையைத் திறந்துவிடுவார்கள். அந்தப் பாதையில் முதலில் போகிற காரும் அவளுடையதுதான், ஐஸ் இளகிக் கறுத்து எல்லோரும் நிறுத்திய பிறகு கடைசியாக வருகிற காரும் அவளுடையதுதான்.

கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"குன்வோர், இது காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"பாத்திரம் கழுவின தண்ணின்னா நீ வீட்டுலயே குடிச்சிருப்பியே. கதவைச் சாத்து, குளிருது."

இப்படித்தான் எங்கள் சிநேகிதம். இரண்டு பேருக்கும் வேறு மாதிரி பேச வராது.

அவள் புருஷன் ஆல்கொட் தண்ணீரில் போனவன். மார்ச் மாதம், நல்ல வெயில் நாள். ஜலசந்தி வாயில் அடிநீரோட்டம் ஐஸை அரித்திருந்தது, மேலே பார்த்தால் தெரியாது. கார் மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஐஸில் இறங்கினால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். ஐஸ் உடைந்தால் வெளியே வர நேரம் இருக்காது. ஆல்கொட் அன்று கரையில் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஏதோ யோசனையில், பெல்ட்டைப் போட்டபடியே இறங்கியிருக்கிறான். முக்குளிப்பவர்கள் பெல்ட்டை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள். அறுபட்ட அந்தப் பட்டையை யோர்டிஸ் பார்த்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சின் குறுக்கே கிடந்த பட்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பையன் ஏஸ்கில் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பெல்ட் அவளுக்கு எதிரி. ஐஸில் பெல்ட் போடாதே என்பது எங்கள் வழக்கத்தில் ஒரு பாதி. கரை ஏறியதும் போடு என்பது மறுபாதி. யோர்டிஸ் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். கரையிலும் போடமாட்டாள், காட்டுப் பாதையிலும் போடமாட்டாள், லாரிகள் சீறிக்கொண்டு போகிற பெரிய சாலையிலும் போடமாட்டாள்.

கார்கள் கத்த ஆரம்பித்த பிறகு அவளுக்கு ஒரு வேலை கூடிற்று. பெல்ட் போடாமல் ஓட்டினால் புதுக் கார்கள் கீ கீ என்று கத்துமே, ஐஸில் அந்தக் கத்தல் எங்கள் எல்லோருக்கும் தலைவலி. உடைசல் கார்களிலிருந்து பெல்ட் முனையில் இருக்கிற தகட்டை மட்டும் கழற்றி எடுத்து, அதைக் கொக்கியில் செருகிவிட்டால் கார் வாயை மூடிக்கொள்ளும். பெல்ட் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்ளும். யோர்டிஸ் அந்தத் தகடுகளை எங்கிருந்தோ சேகரித்து வந்து கேட்கிறவனுக்கெல்லாம் கொடுத்தாள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஐஸைத் தாண்டிக் கரை ஏறியதும் நாங்கள் அதைப் பிடுங்கிவிட்டு ஒழுங்காகப் பெல்ட்டைப் போடுவோம். அவள் பிடுங்கமாட்டாள்.

ஏஸ்கில் வளர்ந்து கரையில் மின்வேலைக்குப் போனான். நல்ல பிள்ளை. அம்மாவின் வாய் அவனுக்கு வரவில்லை, அதற்காகத் தீவே கடவுளுக்கு நன்றி சொன்னது. கட்டிக்கொள்ளப்போகிற பெண் என்று அவன் ரூனாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது முதலில் என் கடைக்குத்தான் வந்தார்கள். யோர்டிஸ் ஏற்கெனவே மூலை மேஜையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"கேரேஜ்ல வேலையாமே? நகமெல்லாம் கறுப்பா இருக்கு."

"ஆமாங்க. மோதின வண்டிங்களைப் பிரிப்பேன். வெடிச்ச ஏர்பேக்கை எடுத்துட்டுப் புதுசு வைப்பேன், இறுகிப்போன பெல்ட்டை மாத்துவேன்."

ஏஸ்கில் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். எனக்குத் தெரிந்தது. யோர்டிஸுக்கும் தெரிந்தது.

"அவ காலை ஏன்டா மிதிக்கிறே? பேசட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். அவ்வளவு பெரிய தலகாணி உள்ள வெச்சிருக்கானே, அப்புறம் பெல்ட் எதுக்கு?"

"தலகாணி இல்லைங்க அது, வெடி" என்றாள் ரூனா. பயப்படவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. "வண்டி மோதினா வண்டி நின்னுடும். உள்ள இருக்கற உடம்பு நிக்காது, வந்த வேகத்துலயே முன்னாடி போகும். யாராவது பிடிக்கணும்ல? பெல்ட் பிடிக்குது. முதல்ல வெடுக்குனு இறுக்கி சீட்டோட சேர்த்துக்கும். அப்புறம் விலா நொறுங்காம இருக்கறதுக்காகக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கும். அதுக்குள்ள பை விரிஞ்சு நிக்கும், தலை அதுல போய் அமுங்கும். பெல்ட் போடலேன்னு வைங்க, பை வெடிக்கிற நேரத்துக்கு உங்க மூஞ்சி அங்கயே போயிருக்கும். அது உங்களைத் தாங்காது, அறையும்."

"அப்போ என் புருஷனை எது அறைஞ்சுது?"

நான் காப்பிக் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏஸ்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரைத் தண்ணி கொன்னுது" என்றாள் ரூனா மெதுவாக.

"பெல்ட் பிடிச்சுக்கிட்டுது, தண்ணி கொன்னுது. ரெண்டு பேர் சேர்ந்து செஞ்ச வேலை. அதுல ஒருத்தனை மட்டும் விட்டுடுன்றியா?"

ஏஸ்கில்தான் வாயைத் திறந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, ஏற்கெனவே அப்பாவைக் கொடுத்தாச்சு. இனிமே கரையில நீ பெல்ட் போடாம என் கார்ல உட்கார்ந்தா நான் வண்டியை எடுக்கமாட்டேன். சத்தியமா எடுக்கமாட்டேன்."

"எடுக்காதேடா. உள்ளேயே அடுப்பு வெச்சு சமைச்சுச் சாப்பிடலாம்."

எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் அவன் சிரிக்கவில்லை. அவளைத் தண்ணீருக்கும் விடமுடியாது, சாலைக்கும் விடமுடியாது என்று அந்தப் பிள்ளை நிஜமாகவே பயந்தான்.

அடுத்த வருஷம் ஏப்ரல் தொடக்கத்தில், ஐஸ் பாதையை மூடப்போகிற வாரம், மூன்று பேரும் ஏஸ்கிலின் காரில் கரைக்குக் கிளம்பினார்கள். அவனும் ரூனாவும் கரையில் ஸ்டேனவிக் ஊரில் ஒரு வீடு வாடகைக்குப் பார்த்திருந்தார்கள். ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை நானே தைக்கிறேன் என்று யோர்டிஸ் பிடிவாதம் பிடித்தாள். என் கடையில் நின்று அளவு நாடாவைக் கடன் வாங்கிக்கொண்டுதான் போனாள். "கடைத் திரையெல்லாம் ஒரு துவையலுக்குத் தாங்காது. இவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது, திருப்புளிதான் தெரியும்" என்று ரூனாவை இடித்தாள். ரூனாவும் சிரித்துக்கொண்டே, "நீங்க தைங்க, நான் திருகி மாட்டறேன்" என்றாள். இரண்டு பேருக்கும் அதற்குள் ஒரு மாதிரி ஒத்துப்போயிருந்தது. நன்றாக இருக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

பிறகு நடந்ததை ரூனா எனக்குச் சொன்னாள். ஐஸில் மூவரும் பெல்ட் இல்லாமல் போனார்கள், வழக்கப்படி. கரை ஏறுகிற சரிவில் ஏஸ்கில் வண்டியை நிறுத்தினான். அவன் பெல்ட் போட்டான், ரூனா போட்டாள்.

"அம்மா, போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. ஓட்டு."

அவன் முன்னாலிருந்த சின்னத் திரையைப் பார்த்தான். பின் சீட்டில் பெல்ட் போட்டிருப்பதாகக் கார் பச்சை காட்டியது. அவள்தான் தகட்டைச் செருகி வைத்திருந்தாளே. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கார் சொல்லிவிட்டது, அம்மாவும் சொல்லிவிட்டாள், பிறகு ஏன் திரும்புவான்?

கரையை ஒட்டிய வளைவில், பனி உருகிச் சேறாகக் கிடந்த இடத்தில், எதிரே வந்த ஒரு வேன் வழுக்கிக் குறுக்கே வந்தது. நேருக்கு நேர் மோதல். வேன்காரனுக்குக் கால் முறிந்தது. ரூனாவுக்குத் தோளெலும்பு போயிற்று, பெல்ட் கிடந்த இடமெல்லாம் கன்றிப்போய் நீலமாக இருந்தது, ஏர்பேக் உரசிக் கன்னம் சிவந்திருந்தது. நொண்டாமல் தானே இறங்கி நின்றாள். யோர்டிஸுக்கு மணிக்கட்டும் கன்னத்து எலும்பும் உடைந்தன. ஏஸ்கில் அங்கேயே இறந்துபோனான்.

அவன் சாகவேண்டியவன் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். அவன் பெல்ட் சரியாக இறுகியிருந்தது, அவனுக்கு முன்னால் பை சரியாக விரிந்திருந்தது. பக்கத்துச் சீட்டில் ரூனாவைக் காப்பாற்றியதெல்லாம் அவனையும் பிடித்து நிறுத்தியிருந்தது. ஆனால் அவனுக்குப் பின்னால் ஒருத்தி எதிலும் கட்டப்படாமல் உட்கார்ந்திருந்தாள். கார் நின்றது, அவள் நிற்கவில்லை. வந்த வேகம் முழுவதோடும் அவன் சீட்டின் முதுகில் போய் விழுந்தாள். சீட் முன்னால் மடங்கிற்று, அவன் கழுத்து உடைந்தது. பெல்ட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவன் நசுங்கிப்போனான். அவள் பிழைத்ததற்குக் காரணமும் அதுதான். அவளைத் தடுத்து நிறுத்தியது அவன் உடம்பு.

காரைப் பிரித்த தீயணைப்புக்காரர்கள் அதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார்கள். ரூனா தொழில்காரி, அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் எனக்குச் சொன்னாள், ஒருநாள் தீவின் கடைசி வீட்டு ஸ்வேயாவின் புருஷன் தீயணைப்புக்காரர்களிடம் கேட்டுவந்து அவனும் சொன்னான். கொஞ்ச நாளில் தீவு முழுவதற்கும் தெரிந்துபோயிற்று, யோர்டிஸைத் தவிர. அவளுக்கு எதுவும் நினைவில்லை, சரிவில் ஏறியது வரைதான் நினைவிருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னாளாம். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. பாதிரியார் முதற்கொண்டு எல்லோரும் ஒரே முடிவு, யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தி எத்தனையைத்தான் தாங்குவாள்? நாங்கள் அவளுக்கு ஆட்டுக்கறிக் கஞ்சியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் ஒழுங்காகக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குறை சொல்லாமல் குடித்தாள், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவள் வாய் திரும்ப வந்தது. வந்ததும் என்ன பேசினாள் தெரியுமா?

"பெல்ட் போட்டவன் போனான். போடாத கிழவி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். இப்ப சொல்லுங்கடா, யார் சரி?"

முதல் தடவை கேட்டபோது, பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டேன். ஆனால் அவள் விடவில்லை. தபால் கொடுக்கிற இடமெல்லாம் அதே பேச்சு. ஆல்கொட்டைப் பெல்ட் கொன்றது, ஏஸ்கிலையும் பெல்ட் கொன்றது, போடாதவள் இருக்கிறேன். ஊர் முழுக்க உண்மையைத் தெரிந்துகொண்டே தலையாட்டிக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். நாக்கு நுனிவரை வந்ததை ஒவ்வொரு தடவையும் விழுங்கினேன்.

அந்தக் கடைசி வீட்டு ஸ்வேயாவுக்கு ஒரு சின்னப் பையன். ஜூன் மாதம் ஒருநாள் கடை வாசலில் காரை நிறுத்தினாள். பையன் பின் சீட்டில் நின்றுகொண்டு முன் சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, அவனுக்குப் பெல்ட் போடலையா?"

"வேணாம்னு விட்டுட்டேன், குன்வோர். யோர்டிஸ் சொல்றதைக் கேட்டதுலேர்ந்து மாட்டறதுக்கே கை வரமாட்டேங்குது. அவங்களுக்குத் தெரியாததா?"

"உனக்குத் தெரியாதா என்ன நடந்துச்சுன்னு? உன் புருஷன் சொல்லலையா?"

"சொன்னாரு. ஆனா அவங்க இவ்வளவு உறுதியா சொல்றாங்களே. ஒருவேளை நாமதான் தப்பா புரிஞ்சுக்கிட்டோமோ?"

என்னவென்று சொல்ல! எங்கள் இரக்கம் அந்த அளவுக்கு வந்து நின்றிருந்தது. அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு ரூனாவுக்கு போன் செய்தேன். மறுநாள் அவள் படகில் வந்தாள். தோள் கூடியிருந்தது, ஆனால் கையைத் தூக்கும்போது முகம் சுருங்கியது. இரண்டு பேரும் யோர்டிஸின் சமையலறைக்குப் போனோம். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. யார் செத்தா?"

ரூனா அவள் எதிரே உட்கார்ந்தாள். "யோர்டிஸ், நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கீங்களே, அதை நிறுத்தணும். ஏஸ்கிலைப் பெல்ட் கொல்லலை."

"பின்னே?"

"பெல்ட் அவரைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. பையும் சரியா விரிஞ்சுது. அவர் என்னை மாதிரி இறங்கி வந்திருக்கணும்."

"வரலையே. ஏன் வரலை? சொல்லு. நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே, சொல்லேன்."

ரூனாவால் முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. புருஷனாக வரவேண்டியவனைப் புதைத்த பெண் அவன் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்லுவாள்? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரூனா மேல் இல்லை, யோர்டிஸ் மேலும் இல்லை, இதை இந்தச் சின்னப்பெண் தலையில் கட்டிய எங்கள் எல்லோர் மேலும்.

"நீதான்டி" என்றேன். "நீ பின்னாடி இருந்து அவன் மேல போய் விழுந்தே. அதுல போனான்."

யோர்டிஸ் கிழங்கைக் கீழே வைக்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தாள். தோல் முழுவதும் வந்த பிறகும் கத்தி நிற்கவில்லை, வெள்ளைச் சதையைச் சீவிக்கொண்டிருந்தது. நான் எட்டிக் கத்தியைப் பிடுங்கினேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். மறக்கலை. அவனோட முடி என் வாய்க்குள்ள இருந்துச்சு. கழுத்து என் தாடைக்கு அடியில இருந்துச்சு. உடையறது எனக்குக் கேட்டுச்சு, குன்வோர்." அவள் குரல் எப்போதும்போலவே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "போட்டாச்சான்னு கேட்டான். போட்டாச்சுன்னு சொன்னேன். அதுதான் நான் அவன்கிட்ட கடைசியா பேசினது."

ரூனா எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள். யோர்டிஸ் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"ஆஸ்பத்திரியில யாராவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். யாரும் சொல்லலை. ஊருக்கு வந்தேன், கஞ்சி கொடுத்தீங்க, ரொட்டி கொடுத்தீங்க. யாருமே சொல்லலேன்னதும், அப்படி நடக்கவே இல்லையோன்னு எனக்கே ஒரு நப்பாசை வந்துடுச்சு. பெல்ட்டைத் திட்டினேன். யாரும் மறுக்கலை. திட்டத்திட்ட நிஜம் மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி தூங்க முடிஞ்சுது."

"இப்ப ஏன் சொன்னோம்னா..." என்று ஆரம்பித்தேன். ஸ்வேயாவின் பையன் சீட்டில் நின்றுகொண்டு போனதைச் சொன்னேன். அவள் முகம் அப்போதுதான் மாறிற்று. அதுவரை அழாதவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஆல்கொட்டுக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மூன்று பேரும் அழுதோம். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப்போயிற்று.

மறுநாள் காலையில் அவள் தபால் பையோடு கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே காப்பி குடிக்க ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஸ்வேயா அப்போதுதான் சாமான் வாங்கிக்கொண்டு காருக்குப் போனாள். பையன் பின் சீட்டில் ஏறிக் குதித்தான். யோர்டிஸ் தபால் பையை என் மேஜையில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனாள். கதவு திறந்தே கிடந்தது, உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஸ்வேயா, அவனுக்குப் பெல்ட்டைப் போடு."

"தீவுக்குள்ள இருக்கற வீட்டுக்குத்தானே. அதோட நீங்கதானே..."

"நான் பொய் சொன்னேன். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த என் பிள்ளையை நான்தான் பின்னாடி இருந்து மோதிக் கொன்னேன். நான், இந்த உடம்பால."

ஸ்வேயா கையிலிருந்த பையோடு அப்படியே நின்றாள். யோர்டிஸ் குனிந்து பையனை உட்காரவைத்து, பட்டையை இழுத்துத் தோளுக்கும் இடுப்புக்கும் சரியாகக் கொண்டுவந்து மாட்டினாள். மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை, நேரம் எடுத்தது.

"நீ போடாம விட்டேன்னா ஒருநாள் இவன் உன் மேல வந்து விழுவான்" என்றாள். "நீ போயிடுவே, உனக்கு ஒண்ணும் தெரியாது. இவன் பிழைச்சுக்குவான். அப்புறம் காலம் பூரா இவன் என்னை மாதிரி இருக்கணும்."